வராதவர்களைத் தேடும் படிப்பு: நர்சிங் கல்லூரியில் சமூக நலச் செவிலியத்தைக் கற்பது எப்படி

பி.எஸ்சி. நர்சிங் மாணவர்கள் சமூக நலச் செவிலியப் (கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங்) பாடத்துக்கு வந்து சேரும்போது, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வார்டில் படிந்த பழக்கங்களோடுதான் வருகிறார்கள். வார்டில் நோயாளி கட்டிலில் இருப்பார், கேஸ் ஷீட் கையில் இருக்கும், மருத்துவர் எழுதிய குறிப்பு இருக்கும், அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். இந்தப் பாடத்திலோ ஐயாயிரம் பேர் வாழும் ஒரு பகுதியும், ஒரு துணை சுகாதார நிலையமும், சில பதிவேடுகளும், நடந்தே போக வேண்டிய தெருக்களும்தான் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால், பலர் இதை மனப்பாடம் செய்து கடந்துபோகும் பாடமாக எண்ணி, ஊருக்குள் சென்று செய்யும் களப்பயிற்சியான கம்யூனிட்டி போஸ்டிங்கை வெயிலில் நடக்கும் சில வாரங்களாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அது பெரிய இழப்பு.

மருத்துவமனைச் செவிலியர் தம்மிடம் வந்தவர்களுக்குப் பொறுப்பானவர். பொது சுகாதாரச் செவிலியர் வராதவர்களுக்கும் பொறுப்பானவர். பதிவு செய்யாத கர்ப்பிணி, தடுப்பூசிக்குக் கொண்டுவரப்படாத குழந்தை, மாத்திரையைப் பாதியில் நிறுத்திய காசநோயாளி ஆகியோரைக் கண்டுபிடிக்கும் திறனைத்தான் இந்தப் பாடத்தின் ஒவ்வோர் அலகும் ஒவ்வொரு வழியில் கற்றுத்தருகிறது. தமிழ்நாட்டில் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து, அந்தத் திறனை நான்கு ஆண்டுகளில் எப்படி வளர்த்துக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தின் அமைப்பு

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-22 கல்வியாண்டு முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்பை எட்டுப் பருவங்களாக மாற்றியமைத்தது. சமூக நலச் செவிலியத்தின் முதற்பகுதி ஐந்தாம் பருவத்தில் வருகிறது. சுற்றுச்சூழல் அறிவியலும் நோய்ப்பரவலியலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இரண்டாம் பகுதி ஏழாம் பருவத்தில் வருகிறது. இந்த அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது: நோய்ப்பரவலியலை ஐந்தாம் பருவத்தில் படிக்கும் மாணவர், ஆராய்ச்சியும் புள்ளியியலும் சேர்ந்த பாடத்தை ஏழாம் பருவத்தில்தான் சந்திக்கிறார். விகிதம், சராசரி, மாதிரி எடுத்தல் ஆகியவை தெரியாமல் நோய்ப்பரவலியலைப் படித்தால் வரையறைகள் மட்டும் தலையில் தங்கும், அவற்றால் என்ன செய்யலாம் என்பது தங்காது. ஆகவே நான்காம் பருவ விடுமுறையிலேயே பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் புள்ளியியல் பகுதியை எடுத்து, விழுக்காடு, விகிதம், சராசரி, திட்ட விலக்கம் ஆகியவற்றை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் பெரிய கணிதம் இப்போது தேவையில்லை.

துணை சுகாதார நிலையங்களில் பணியாற்றும் இடைநிலை சுகாதாரப் பணியாளருக்கான பயிற்சியும் இதே பாடத்திட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது. 2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்த் துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக உயர்த்தத் தொடங்கியபோது, அங்கே பட்டம் பெற்ற செவிலியர் ஒருவர் பொறுப்பேற்கும் வழி திறந்தது. ஆகவே ஐந்தாம், ஏழாம் பருவங்களில் கற்பவை, பட்டம் பெற்றதும் உங்கள் முதல் வேலையாகவே அமையலாம்.

வகுக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்த எண்ணைக் கேட்டாலும் "எத்தனை பேரில்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தைச் சொல்வேன். "இந்த மாதம் நாற்பது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டோம்" என்ற செய்தியால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. நாற்பத்திரண்டு பேருக்குப் போட வேண்டியிருந்ததா, எழுபது பேருக்கா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே இருக்கும் எண் பதிவேட்டில் கிடைக்கும். கீழே இருக்கும் எண்ணை நாம்தான் கணக்கிட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சமவெளிப் பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையம் ஏறத்தாழ 5,000 பேருக்கு என்றும், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு என்றும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 2019, 2020 ஆண்டுகளின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி ஆயிரத்துக்கு 14-ஐ ஒட்டியிருந்தது. அதையே எடுத்துக்கொண்டால் 5,000 பேர் உள்ள பகுதியில் ஓராண்டில் 70 குழந்தைகள் உயிருடன் பிறக்க வேண்டும். கருச்சிதைவுக்கும் இறந்து பிறத்தலுக்கும் பத்து சதவீதம் சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்த்தால் ஓராண்டில் 77 கர்ப்பிணிகள். ஒரு பெண் கர்ப்பிணி என்று தெரியவந்து பதிவாவதற்கே இரண்டு மூன்று மாதங்கள் ஆகிவிடும் என்பதால், எந்த ஒரு நாளில் பார்த்தாலும் ஆண்டு எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது 38 பேர் அளவில், பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இப்போது பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அதில் 29 பெயர்கள் இருந்தால் ஏறத்தாழ ஒன்பது பெண்கள் எங்கே என்று கேட்க வேண்டும். விடை எப்போதும் அலட்சியமாக இருக்காது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் இங்கே குறைந்து வேறொரு துணை நிலையத்தில் கூடியிருப்பார்கள். ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் செங்கல் சூளைக்கு வந்து தங்கும் குடும்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருப்பார்கள். தனியார் மருத்துவமனையில் மட்டும் காட்டிக்கொள்பவர்கள் இருப்பார்கள். திருமணமாகாத கர்ப்பிணி ஒருவர் இருக்கலாம். அவரைப் பற்றித் தெருவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பகுதியின் பிறப்பு விகிதமே மாநிலச் சராசரியைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தெரிந்த மாணவருக்கு, கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தமிழக அரசு வைத்திருக்கும் பிக்மி இணையப் பதிவில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஏன் தனி எண் தரப்படுகிறது என்பதும், அந்த எண் அவருடன் தாய்வீட்டுக்கும் பயணப்படுவது ஏன் முக்கியம் என்பதும் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

சிறிய எண்ணிக்கையைக் கையாளுவதில் இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 2020-இல் ஆயிரம் உயிர்ப் பிறப்புகளுக்கு 13. மேற்சொன்ன 70 பிறப்புகள் உள்ள துணை நிலையத்தில் ஒரு குழந்தை இறந்தால் விகிதம் 14. இரண்டு குழந்தைகள் இறந்தால் 29. யாரும் இறக்காவிட்டால் பூஜ்யம். ஓராண்டு எண்களை வைத்து இந்தத் துணை நிலையம் நல்லது, அது மோசம் என்று சொல்ல முடியாது. அந்த அளவில் விகிதத்தைவிட விசாரணைதான் பயன்படும்: ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே எடுத்து, ஆபத்தை அறிந்துகொள்வதில் தாமதமா, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதில் தாமதமா, சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதமா என்று பார்க்க வேண்டும். தாய் இறப்புகளை இவ்வாறு தணிக்கை செய்யும் முறையைத் தமிழ்நாடு 1990-களிலேயே தொடங்கிவிட்டது. அந்த மூன்று தாமதங்களையும் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், போஸ்டிங்கில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அவர் அறிந்த ஒரு மரணத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டு, அதில் பொருத்திப் பாருங்கள்.

நோய்ப்பரவலியலில் தடுமாறும் இரண்டு இடங்கள்

முதல் இடம், புது நோய் விகிதமும் இருப்பு நோய் விகிதமும். ஒரு காலகட்டத்தில் புதிதாக நோய் வந்தவர்களை முதலாவது கணக்கிடுகிறது. ஒரு நாளில் நோயோடு இருப்பவர்கள் எல்லோரையும் இரண்டாவது கணக்கிடுகிறது. நல்ல சிகிச்சை கிடைத்து நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தால், புதிதாக வருபவர் எண்ணிக்கை கூடாமலே இருப்பு விகிதம் கூடும். நீரிழிவுக்கும் எச்.ஐ.வி.க்கும் இது பொருந்தும். ஆகவே இருப்பு விகிதம் கூடிவிட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு திட்டம் தோற்றுவிட்டதாக எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது இடம், முன்னறி பரிசோதனை, அதாவது அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடும் ஸ்கிரீனிங். பரிசோதனையின் உணர்திறன் (நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன்), தனித்திறன் (நோயில்லாதவரை இல்லை என்று காட்டும் திறன்) இரண்டுக்கும் வரையறை எழுதும் மாணவர்களில் பலருக்கு, "பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்ற கேள்விக்குப் பதில் வருவதில்லை. ஊரில் ஆயிரம் பேர். அவர்களில் நூறு பேருக்கு நோய் இருக்கிறது. பரிசோதனையின் உணர்திறன் 80 சதவீதம், தனித்திறன் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள நூறு பேரில் 80 பேருக்குப் பாசிட்டிவ் வரும், 20 பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 900 பேரில் 90 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் வந்த 170 பேரில் உண்மையான நோயாளிகள் 80 பேர், பாதிகூட இல்லை. அதே பரிசோதனையைப் பத்துப் பேருக்கு மட்டும் நோய் இருக்கும் இன்னோர் ஆயிரம் பேரிடம் செய்தால், பாசிட்டிவ் வரும் 107 பேரில் எட்டுப் பேர்தான் நோயாளிகள். பரிசோதனை மாறவில்லை, மக்கள்தொகை மாறியிருக்கிறது. முகாமில் "உங்களுக்குச் சுகர் இருக்கிறது" என்று உடனே சொல்லிவிடாமல், "இன்னொரு முறை உறுதி செய்துகொள்ள வேண்டும்" என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். தப்பிப்போன அந்த 20 பேரையும் மறந்துவிடாதீர்கள். நெகட்டிவ் வந்த நிம்மதியில் அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் இருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இதற்கு அருகிலேயே வைத்துப் படிக்க வேண்டியது, பிரிட்டன் நோய்ப்பரவலியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் முன்வைத்த கருத்து. சிலருக்கு இருக்கும் பெரிய ஆபத்தைவிட, பலருக்கு இருக்கும் சிறிய ஆபத்து அதிக நோயாளிகளை உண்டாக்கலாம் என்பது அதன் சாரம். ஒரு கற்பனைக் கணக்கு: மிக உயர்ந்த ரத்த அழுத்தம் உள்ள 50 பேரில் பத்தாண்டுகளில் 20 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தால் பத்து நோயாளிகள். அழுத்தம் சற்றே கூடியிருக்கும் 400 பேரில் 4 சதவீதம் பேருக்கு வந்தால் பதினாறு நோயாளிகள். முதல் குழுவுக்கு மாத்திரை தவறாமல் கிடைக்க வேண்டும். இரண்டாவது குழுவுக்கு ஊர் முழுவதும் உப்பைக் குறைக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுசேர்த்து முதல் வேலையைச் செய்கிறது. இரண்டாவது வேலை கடினமானது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் என்று வீட்டுச் சமையலுக்கும் வணிகத்துக்கும் உள்ளே போக வேண்டியது. "உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதற்கு முன், அந்த வீட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறார்கள் என்று கேட்டு, ஆளுக்கு நாளைக்கு எவ்வளவு என்று அவர்கள் முன்னாலேயே வகுத்துக் காட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவு.

கம்யூனிட்டி போஸ்டிங்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கல்லூரி உங்களுக்கு ஒரு கிராமத்தையோ நகரின் ஒரு வார்டையோ ஒதுக்கி, சில குடும்பங்களைக் கையில் தந்து, ஃபேமிலி ஃபோல்டர் எனப்படும் குடும்ப விவரக் கோப்பை எழுதச் சொல்லும். அதை ஒரே மாலையில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் இட்டுக்கட்டி எழுதும் ஒவ்வோர் எண்ணும் அந்தக் குடும்பத்தை மீண்டும் ஒரு முறை வராதவர் பட்டியலில் சேர்க்கிறது.

முதல் நாள் படிவத்தை எடுத்துக்கொண்டு போகாமல், கிராம சுகாதாரச் செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் ஊரை ஒரு சுற்று நடந்து, வரைபடம் ஒன்று வரையுங்கள். குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை, டாஸ்மாக், பள்ளி, பேருந்து நிறுத்தம், சாக்கடை முடியும் இடம், கோயில், ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் குடியிருப்பு ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். எந்தத் தெருவில் இருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது கடினம், எந்தத் தெரு மக்கள் இன்னொரு தெரு வழியாகப் போகத் தயங்குகிறார்கள் என்பவை படிவத்தில் கேட்கப்படாத கேள்விகள். சாதியும் தூரமும் சேர்ந்து ஒருவரைச் சேவையிலிருந்து எப்படி விலக்கிவைக்கின்றன என்பதை வரைபடத்தில்தான் முதலில் காண முடியும்.

வீட்டுக்குப் போகும் நேரத்தை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் பெண்களைக் காலை பதினொரு மணிக்கு வீட்டில் தேடினால், முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். உங்கள் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் பெண்களே விடுபட்டுப் போவார்கள். பூட்டியிருந்த வீடுகளைத் தனியே குறித்து வைத்து, வேறு நேரத்தில் மீண்டும் செல்லுங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்வது மிக எளிது. கணக்கெடுப்பைக் கெடுப்பதும் அதுவே.

உள்ளே நுழைந்ததும் வருமானத்தைக் கேட்காதீர்கள். கணக்கெடுப்புப் படிவங்கள் பெரும்பாலும் பெயர், சாதி, வருமானம் என்றுதான் தொடங்கும். ஆனால் அந்த வரிசையில்தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "நான் இந்தக் கல்லூரியில் நர்சிங் படிக்கிறேன், சிஸ்டரோடு வந்திருக்கிறேன்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்க்கக் கேளுங்கள். பெரியவர்களின் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். ஏதேனும் ஒன்றைக் கொடுத்த பிறகு கேட்பது மரியாதை. மருமகளிடம் கேட்டதற்கு மாமியார் பதில் சொன்னால், பெரியவரை மதித்துக் கேட்டுக்கொண்டே, எடை பார்ப்பதற்கோ குழந்தையைப் பரிசோதிப்பதற்கோ மருமகளைச் சற்றுத் தள்ளி அழைத்து, தனியாகப் பேசும் வாய்ப்பை உண்டாக்குங்கள். குடும்பக் கட்டுப்பாடு, வெள்ளைப்படுதல், வீட்டில் அடி வாங்குவது ஆகியவற்றைப் பற்றி ஒரு பெண் முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேச மாட்டார். அவர் சொன்னதை அடுத்த வீட்டில் உதாரணமாகக்கூடச் சொல்லக் கூடாது.

பை உத்தி என்று பாடத்தில் வருவதை, அதாவது வீடுகளுக்குக் கொண்டுபோகும் செவிலியப் பையைக் கையாளும் முறையை, சடங்காக நினைக்காதீர்கள். பையைத் தரையில் வைக்காமல் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைப்பதும், கையைக் கழுவிய பிறகே பைக்குள் கையை விடுவதும், பயன்படுத்திய பொருளைச் சுத்தம் செய்யாமல் உள்ளே போடாதிருப்பதும், ஒரு வீட்டின் தொற்று உங்கள் வழியாக அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுப்பதற்கு. மேலும், நீங்கள் கைகழுவும் விதத்தை அந்த வீடே பார்த்துக்கொண்டிருக்கிறது. கைகழுவுதலைப் பற்றிய உரையைவிட அது அதிகம் சொல்லும்.

குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க, நகர்ப்புறத்துக்குக் குப்புசாமி அளவுகோலையும், கிராமத்துக்குப் பி.ஜி. பிரசாத் அளவுகோலையும் பயன்படுத்துவது வழக்கம். இரண்டாவது 1961-இல் உருவானது. முதலாவது 1976-இல் வந்தது. இரண்டிலும் வருமான எல்லைகளை நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கொண்டு அவ்வப்போது திருத்த வேண்டும். பழைய பாடநூலில் உள்ள ரூபாய் எல்லைகளை அப்படியே எடுத்தால் கூலி வேலைக்குப் போகும் குடும்பம்கூட உயர்வகுப்பில் விழுந்துவிடும்.

கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் அட்டவணையாக்கி, அந்த ஊரின் சிக்கல்கள் என்னென்ன என்று எழுதுவதைச் சமுதாய நோயறிதல் என்கிறோம். இங்கே முன்னுரிமை தருவதுதான் கடினம். இரத்தசோகை, தண்ணீர்ப் பற்றாக்குறை, குடிப்பழக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு என்று நான்கு சிக்கல்கள் வந்தால், எத்தனை பேரைப் பாதிக்கிறது, எவ்வளவு கடுமையாகப் பாதிக்கிறது, இருக்கும் வசதியைக் கொண்டு எதைச் செய்ய முடியும், ஊர் எதை முக்கியமாக நினைக்கிறது என்ற நான்கையும் எடைபோடுங்கள். கடைசிக் கேள்வியை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

புதன்கிழமை

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். போஸ்டிங்கில் இருக்கும்போது ஒரு புதன்கிழமையாவது காலையில் தடுப்பூசி வரும் நேரத்திலிருந்து கடைசிக் குழந்தை வீட்டுக்குப் போகும் வரை முழுவதுமாக உடனிருங்கள். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுவார்கள்; சூடு எவ்வளவு கெடுதலோ அதே அளவுக்கு உறைநிலையும் கெடுதல் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட், டி.டி. போன்றவை உறைந்தால் வீணாகிவிடும். அதனால்தான் ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டிக்குள் வைக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை வெளியே வைத்திருக்கிறார்கள். பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா ஆகியவற்றைக் கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்; மீதியை எறிந்துவிட வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின் மீது எழுதுவதைச் செவிலியர் மறக்கிறாரா என்று பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் மறக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு தாயிடமும் சொல்ல வேண்டிய நான்கு செய்திகள் உண்டு: இன்று போட்டது எந்த நோய்க்கு; என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்து மறுபடி கொண்டுவர வேண்டும் என்பது. காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்படாத தாய், காய்ச்சல் வந்ததும் அடுத்த தவணைக்கு வரமாட்டார். அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். நாள் முடிந்ததும், வர வேண்டியவர்கள் பட்டியலில் யார் வரவில்லை என்று பார்த்து, அவர்களில் ஒரு வீட்டுக்காவது அன்று மாலையே செவிலியரோடு போய்வாருங்கள்.

ஒரு திட்டத்தை எப்படிப் படிப்பது

ஏழாம் பருவத்தில் தேசிய சுகாதாரத் திட்டங்கள் நீண்ட பட்டியலாக வரும். தொடங்கிய ஆண்டு, நோக்கங்கள், பிரிவுகள் என்று மனப்பாடம் செய்தால் ஒரு மாதத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: யார் விடுபட்டுப்போவதால் இந்தத் திட்டம் வந்தது, அவர்களை எந்த இடத்தில் பிடிக்கிறது, அதில் செவிலியர் செய்யும் வேலை என்ன.

தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்கு நல்ல பாடம். காசநோய்க்கு மருந்து இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனாலும் நோய் கண்டறியப்பட்ட முதல் சில வாரங்களிலேயே சிலர் இறந்துவிடுகிறார்கள். மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் யார் என்று முதல் நாளிலேயே பிரித்துப் பார்க்கப்படவில்லை என்பதுதான் இடைவெளி. 2022 ஏப்ரலில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமல் சில எளிய அளவீடுகளைக் கொண்டு நோயாளிகளைப் பிரிக்கிறார்கள்: உடல் நிறை குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா, 16-க்குள் இருந்து இரு கால்களிலும் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் ஓடுகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் விரிவான மதிப்பீட்டுக்கும் உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கும் அனுப்ப வேண்டும். எடை பார்க்கும் கருவியும் உயரம் அளக்கும் கோலும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் போதும். செவிலியர் ஒருவர் முதல் நாளிலேயே செய்யக்கூடிய அளவீடுகள் இவை. இந்த அளவில் ஒரு திட்டத்தைப் புரிந்துகொண்டால், தேர்வில் எந்தக் கோணத்திலிருந்து கேட்டாலும் எழுத முடியும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் மாநில அறிக்கையையும் இதே கண்ணோடு படியுங்கள். 2019-21 காலத்தின் ஐந்தாவது ஆய்வில், தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன, பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய விளங்கும். பிரசவத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் பல ஆண்டுகளாகவே இரத்தசோகையோடு இருந்து, அதோடுதான் வந்து சேர்கிறார்கள். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் இரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையானது என்று அளவு தெரிந்திருப்பது அவசியம்; அதைச் சரிசெய்யும் வேலை பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டியது என்பதை உணர்வது அதைவிட அவசியம்.

வரலாறும் தேர்வும்

வரலாற்றைச் சுருக்கமாகப் படித்தால் போதும். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ காலரா இறப்புகளை வரைபடத்தில் குறித்தது, 1893-இல் லிலியன் வால்ட் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் செவிலியப் பணியைத் தொடங்கியது, இந்தியச் சுகாதார அமைப்பைப் பற்றி ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946-இல் தந்த அறிக்கை, 1978-இன் அல்மா அட்டா பிரகடனம் ஆகியவற்றோடு, நம் மாநிலத்துக்கே உரிய 1939-ஆம் ஆண்டு சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணியாளர் அமைப்பும் தமிழ்நாட்டில் நிலைத்திருப்பதைப் புரிந்துகொள்ள இது உதவும். இலங்கையில் படிப்பவர்கள் 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து தொடங்கலாம்; குடும்ப சுகாதார உத்தியோகத்தர் ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

தேர்வில் நீண்ட வினாவுக்கு விடை எழுதும்போது, வரையறையோடு நின்றுவிடாமல் நீங்கள் கண்ட ஊரின் ஒரு உதாரணத்தை இரண்டு வரியில் சேருங்கள். தடுப்பின் நிலைகளைக் கேட்டால், ஒரே நோயை எடுத்துக்கொண்டு எல்லா நிலைகளையும் அதன் வழியாகவே காட்டுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் அதற்கு ஏற்றது: எச்.பி.வி. தடுப்பூசி முதல்நிலை, பரிசோதித்து முன்கூட்டியே கண்டறிவது இரண்டாம் நிலை, சிகிச்சைக்குப் பின் மறுவாழ்வு மூன்றாம் நிலை. மூன்று நிலைகளுக்கு மூன்று நோய்களை உதாரணம் தருபவரைவிட, ஒரு நோயை முழுவதும் பின்தொடர்பவர் பாடத்தைப் புரிந்தவர் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

மேற்படிப்பு

பட்டத்துக்குப் பின் இந்தத் துறையிலேயே தொடர விரும்புபவர்களுக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, சமூக நலச் செவிலியத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. நர்சிங், இதற்குச் செவிலியராகப் பதிவு செய்திருப்பதோடு ஓராண்டுப் பணி அனுபவமும் தேவை. அந்த ஓராண்டை, முடிந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ கழியுங்கள். பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு உங்களுக்குத் திறமை தரும், ஆனால் இந்தப் பாடத்துக்கான கேள்விகளைத் தராது. மற்றொன்று, பொது சுகாதார முதுகலைப் படிப்பு. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும், திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இதை நடத்துகின்றன. மருத்துவர், பல் மருத்துவர், புள்ளியியலாளர் ஆகியோருடன் ஒரே வகுப்பில் அமரும்போது செவிலியருக்கு ஒரு நன்மை உண்டு: வீட்டுக்குள் போய்ப் பேசிப் பழகியவர் அந்த வகுப்பில் அவராகவே இருக்கலாம்.

எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, "விளக்கக் கையேடு கொடுப்பதற்கு முன்பும் பின்பும் அறிவு எவ்வளவு கூடியது" என்ற வகையிலான ஆய்வுகளைத் தவிர்க்கும்படி உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கையேட்டைப் படித்தால் மதிப்பெண் கூடும் என்பது முன்பே தெரிந்த விஷயம். சேவையைப் பெறாதவர்கள் யார், ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வட்டாரத்தில் நீரிழிவு மாத்திரையை நிறுத்தியவர்கள் எந்தக் காரணத்தால் நிறுத்தினார்கள், கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பில் உள்ள குழந்தைகளில் எத்தனை பேரின் தடுப்பூசி அட்டை முழுமையாக இருக்கிறது என்பன போன்றவை சிறியவை, ஆனால் விடை தெரிந்தால் மறுநாளே பயன்படக்கூடியவை. தடுப்பூசி போட்டவர் விகிதத்தை அறிய, முப்பது கொத்துகளில் (தேர்ந்தெடுத்த ஊர்கள் அல்லது தெருத் தொகுதிகள்) கொத்துக்கு ஏழு குழந்தைகள் வீதம் 210 பேரைப் பார்க்கும் பழைய முறை ஒரு மாணவரால் செய்து முடிக்கக்கூடியது.

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும், பொது சுகாதாரத் துறையின் அனுமதிக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இவை தாமதமாவதால்தான் பலர் கடைசி நேரத்தில் எளிய தலைப்புக்கு மாறுகிறார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவருக்குப் புரிந்ததா என்று சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். ஆய்வு முடிந்ததும், பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிப்பதற்கு முன்பாகவே, முடிவுகளை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுங்கள். விடுபட்டவர்களின் எண்ணிக்கையோடு, எந்தத் தெரு, எந்த மாதம், என்ன காரணம் என்பதும் அதில் இருக்க வேண்டும். தனிநபர் பெயர்கள் இருக்கக் கூடாது.